பெங்களூருக்கு வேலை தேடி வரலாமா? கோவை டிசைன் இன்ஜினியர் கேட்டதும் அதற்குப் பின் சேர்ந்ததும்

கேள்வி, 5 ஜூலை 2025

கோவையில் பம்ப் கம்பெனி ஒன்றில் டிசைன் இன்ஜினியராக இருக்கேங்க. வயது 33, ஒன்பது வருட அனுபவம். மனைவி ஆடிட்டர் ஆபீசில் கணக்குப் பார்க்கிறாங்க. பையன் யுகேஜி. சம்பளம் மூன்று வருடமாக நின்ற இடத்திலேயே நிற்குது. வேலைத் தளத்தில் 'மெக்கானிக்கல் டிசைன், பெங்களூரு' என்று போட்டால் ஆயிரக்கணக்கில் வருது. கோவைக்குப் போட்டால் அதில் பத்தில் ஒரு பங்கு தேறாது. அங்கே வந்து இறங்கிவிட்டால் இரண்டு மாதத்தில் பிடிச்சுடலாம்னு என் கணக்கு. இங்கே இருந்து தேடினால் நோட்டீஸ் 90 நாள் என்றதுமே போனை வச்சுடுறாங்க. வேலையை விட்டுட்டு வந்து தேடலாமா?

5 ஜூலை, இரவு

விட்டுவிட்டு வராதீர்கள். காரணம் நாளைக்கு எழுதுகிறேன், அடுப்பில் குக்கர் கத்துகிறது.

6 ஜூலை

நான் பெங்களூரில் பல வருடமாக பேரோல், அதாவது சம்பளப் பட்டியல் போடும் வேலையில் இருக்கிறேன். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், வாசம் ராமமூர்த்தி நகர். ஆள் எடுக்கிறவர்கள் எப்போதும் பக்கத்து மேஜையில் இருப்பதால், விளம்பரம் எப்படிப் பிறக்கிறது என்பதைக் கிட்டே இருந்து பார்த்திருக்கிறேன்.

உங்கள் 'ஆயிரக்கணக்கில்' எத்தனை நிஜம் என்று முதலில் பார்க்க வேண்டும். ஒரு காலியிடம் வந்தால் கம்பெனி அதை ஆள் பிடித்துத் தரும் நான்கைந்து கன்சல்டன்சிகளிடம் கொடுக்கும். ஒவ்வொருவரும் தனித்தனியாகப் போடுவார்கள். ஒரே மாப்பிள்ளையின் ஜாதகத்தை ஐந்து தரகர்கள் தூக்கிக்கொண்டு அலைகிற கதைதான். சிலர் காலியிடமே இல்லாமல் ரெஸ்யூமே சேர்த்து வைக்கப் போடுவார்கள். உள்ளேயே ஆளை முடிவு செய்துவிட்டு, விதிக்காக வெளியே விளம்பரம் போடுவதும் உண்டு. பழையதையே வாராவாரம் புதுப்பித்தால் 'இன்று வெளியானது' என்று மேலே வந்து நிற்கும்.

பிரித்துப் பார்க்க ஒரு வழி. வேலை விவரத்தில் இருக்கும் ஒரு வித்தியாசமான வாக்கியத்தை அப்படியே எடுத்துத் தேடுங்கள். அதே வாக்கியம் எத்தனை பெயர்களில் வருகிறது என்று பாருங்கள், எல்லாம் ஒரே வேலை. அப்படி வடிகட்டி, உங்கள் அனுபவத்துக்கும் மென்பொருளுக்கும் நிஜமாகவே பொருந்துகிற இருபதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒரு மாதம் கழித்து திரும்பப் பாருங்கள். காணாமல் போனவை பெரும்பாலும் ஆள் கிடைத்த இடங்கள். அசையாமல் நிற்பவற்றை எண்ணிக்கையிலிருந்து கழித்துவிடுங்கள்.

அடுத்தது, இதை யாரும் செய்வதில்லை: தேடுகிறவர்களை எண்ணுங்கள். லிங்க்ட்இன்னில் உங்கள் பதவிப் பெயரையும் பெங்களூரையும் போட்டு, பச்சை வளையத்தில் 'வேலைக்குத் தயார்' என்று நிற்பவர்கள் எத்தனை பேர், எத்தனை மாதமாக நிற்கிறார்கள் என்று பாருங்கள். காலியிடம் நூறு இருந்து, பச்சை வளையம் ஆயிரம் இருந்தால் அது உங்களுக்கான சந்தை இல்லை.

6 ஜூலை, கொஞ்சம் கழித்து

நோட்டீஸ் விஷயத்தை விட்டுவிட்டேன். 90 நாள் என்றதும் போனை வைப்பது உண்மைதான். ஆனால் வேலையை விட்டுவிட்டு 'உடனே சேர முடியும்' என்று வருபவரை எங்கள் பக்கம் எப்படிப் பார்ப்பார்கள் தெரியுமா? முதல் மாதம் வரவேற்பார்கள். மூன்றாவது மாதம் 'ஏன் இன்னும் கிடைக்கவில்லை?' என்று கேட்பார்கள். ஐந்தாவது மாதம் பழைய சம்பளத்தைவிடக் குறைத்துச் சொல்லிப் பார்ப்பார்கள். மனிதர்கள் கெட்டவர்கள் என்றில்லை, பேரம் அப்படித்தான் ஓடும்.

உங்கள் கம்பெனியிடம் நோட்டீஸ் குறைப்பு பற்றி முன்பே விசாரித்து வையுங்கள். மீதி நாளுக்குப் பணம் கட்டி வெளியே வரலாமா, இருக்கும் லீவைக் கழித்துக்கொள்வார்களா? 'ஒப்பந்தப்படி 90, பேசினால் 45' என்று இன்டர்வியூவில் சொல்ல முடிந்தால் பாதிக் கதவு திறக்கும்.

இன்னொரு உள் விஷயம். திங்கட்கிழமை சேர வேண்டியவர்கள் பட்டியல் எங்களுக்கு வெள்ளிக்கிழமையே வந்துவிடும். அதில் எல்லோரும் வருவது அபூர்வம். கையில் இரண்டு மூன்று ஆஃபர் வைத்திருப்பவர்கள் கடைசி நாளில் வேறு பக்கம் போய்விடுவார்கள். அன்றைக்கு இரண்டாவது இடத்தில் இருப்பவருக்குப் போன் போகும். 'தேர்வாகவில்லை' என்று சொன்ன ஹெச்ஆரிடமும் மரியாதையாகப் பேசி வைப்பது இதற்குத்தான்.

8 ஜூலை

ஒருவர் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) சந்தாதாரர் எண்ணிக்கையைக் காட்டி 'கர்நாடகம் முன்வரிசையில் இருக்கிறதே' என்கிறார். இருக்கிறது. ஆனால் அந்தப் புள்ளிவிவரம் மாநில அளவுக்கானது. அதில் பெங்களூரும் பெல்லாரியும் ஒன்றுதான். போதாததற்கு, ஒரு கம்பெனி தன் மும்பைப் பதிவிலேயே எல்லோருக்கும் பிஎஃப் கட்டினால் பெங்களூர் ஆளும் மகாராஷ்டிரக் கணக்கில் போவார். முன்பு பிஎஃப் இல்லாமல் வேலை பார்த்தவருக்கு இப்போது கட்ட ஆரம்பித்தால் அவரும் 'புதிதாகச் சேர்ந்தவர்'. புது வேலை ஒன்றும் பிறந்திருக்காது.

மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பு 2025 மே மாதத்திலிருந்து மாதாமாதம் வருகிறது, நல்ல விஷயம். ஆனால் அதுவும் நகரம் நகரமாகச் சொல்வதில்லை. தவிர, வாரத்தில் ஒரு நாள் ஒரு மணி நேரம் சம்பாதித்திருந்தாலே அந்த வாரக் கணக்கில் அவர் வேலையில் இருப்பவர். நாட்டைப் பற்றிக் கட்டுரை எழுத இது போதும். கோவையில் வீட்டைக் காலி செய்யலாமா என்று முடிவு பண்ண உதவாது.

13 ஜூலை

உதவும் ஒன்றைச் சொல்கிறேன். பிஎஃப் நிறுவனத்தின் தளத்தில் 'எஸ்டாப்ளிஷ்மென்ட் சர்ச்' என்று ஒரு பக்கம் உண்டு. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கம்பெனிப் பெயரைப் போட்டால் பதிவு விவரம் வரும். உள்ளே போனால் எந்த மாதத்துக்கு, எந்தத் தேதியில், எத்தனை பேருக்குப் பணம் கட்டினார்கள் என்று வரிசையாகத் தெரியும்.

ஆஃபர் கொடுத்த கம்பெனியை இதில் போட்டுப் பாருங்கள். ஒரு மாதச் சந்தாவை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். தொடர்ந்து தள்ளித் தள்ளிக் கட்டுகிறார்கள் என்றால் சம்பளமும் ஒரு நாள் தள்ளும். ஒரு வருட எண்ணிக்கையை வரிசையாகப் படியுங்கள். 240, 238, 221, 190 என்று இறங்கிக்கொண்டே இருக்கும் இடத்தில் 'நாங்கள் வேகமாக வளர்கிறோம்' என்று ஹெச்ஆர் சொன்னால் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு எழுந்து வாருங்கள்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில் (பெயர் வேண்டாம்) இந்த இறக்கம் எட்டு மாதம் கண்ணுக்கு முன்னால் ஓடியது. பிஎஃப் பணம் கட்டும் சலான் போட்டவளே நான்தான். அந்த எட்டு மாதமும் புதிய ஆட்களை எடுத்துக்கொண்டே இருந்தார்கள், பழையவர்கள் போகும் வேகத்துக்கு ஈடுகொடுக்க. வெளியே இருந்து பார்த்தால் 'நிறைய ஆள் எடுக்கும் கம்பெனி'.

பங்குச் சந்தையில் உள்ள பெரிய கம்பெனிகளுக்கு இவ்வளவு துப்பறிய வேண்டாம். பெரிய ஐடி கம்பெனிகள் காலாண்டு முடிவிலேயே மொத்தத் தலை எண்ணிக்கையையும், விட்டுப் போனவர்களின் சதவீதத்தையும் சொல்லிவிடுகின்றன.

யாருடைய பேரோல் என்பதையும் கேளுங்கள். 'பெரிய கம்பெனியில் வேலை' என்று வந்து, ஆறு மாதம் கழித்துத்தான் தான் ஒரு கான்ட்ராக்ட் ஏஜென்சியின் ஆள் என்று தெரிந்துகொண்டவர்கள் ஏராளம். சம்பளம் ஒழுங்காக வரும், புராஜெக்ட் முடிந்த அன்று கதையும் முடியும்.

19 ஜூலை

என் வீட்டுக்காரர் பீன்யாவில் டூல் ரூமில் இருந்தவர். அவரிடம் உங்கள் கேள்வியைக் காட்டினேன். "எதுல டிசைன் பண்றார்?" என்றார். 'சாலிட்ஒர்க்ஸ், கிரியோ' என்று நீங்கள் பின்னால் எழுதிய மென்பொருள்களைச் சொன்னேன். "அப்ப அவர் ரெண்டு பெங்களூரைப் பாக்கணும்."

அவர் சொன்னதன் சுருக்கம். முதல் பெங்களூர் பீன்யா, பொம்மசந்திரா, ஜிகனி பக்கத்து இயந்திரத் தொழில். மெஷின் டூல், ஜிக் பிக்ஸ்ச்சர், வால்வு, ஹைட்ராலிக்ஸ். உங்கள் அனுபவம் அங்கே அப்படியே செல்லும், உங்களை மதிப்பார்கள். ஆனால் சம்பளம் கோவையைவிடக் கொஞ்சம்தான் கூடும், அந்தக் கொஞ்சத்தை வாடகை தின்றுவிடும். இரண்டாவது பெங்களூர் வெளிநாட்டுக் கம்பெனிகளின் இன்ஜினியரிங் மையங்கள். ஒயிட்ஃபீல்டில் ஜிஇயின் ஜான் வெல்ச் மையம் 2000த்திலிருந்து இருக்கிறது. அடுகோடியில் போஷ், தேவனஹள்ளிப் பக்கம் போயிங். அங்கே காசு உண்டு. ஆனால் விமானம், கார் சார்ந்த இடங்களில் கேட்டியா, என்எக்ஸ் என்ற வேறு மென்பொருள்களைக் கேட்பார்கள். பம்ப் என்றதும் ரெஸ்யூமேவைக் கீழே வைத்துவிடுவார்கள். உங்கள் தேடலில் வந்த விளம்பரங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் ரகமாக இருக்கும் என்பது அவர் ஊகம். எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கள்.

அவர் சொன்ன இன்னொன்று எனக்குப் பிடித்தது. தும்கூர் ரோட்டில் இருக்கும் கண்காட்சி மையத்தில் ஜனவரியில் இம்டெக்ஸ் என்ற இயந்திரக் கண்காட்சி நடக்கும். போன நவம்பரிலிருந்து மாதவரா வரை மெட்ரோ ஓடுவதால் வாசலிலேயே இறங்கலாம். டிக்கெட் எடுத்துக்கொண்டு இரண்டு நாள் ஸ்டால் ஸ்டாலாக நடங்கள். யாரிடமும் வேலை கேட்க வேண்டாம். 'ஆர்டர் எப்படி இருக்கிறது, டிசைன் டீம் எத்தனை பேர்?' என்று மட்டும் கேளுங்கள். மெஷின் வாங்குகிற கம்பெனி அடுத்த வருடம் ஆள் எடுக்கும். இணையத்தில் ஆறு மாதம் துழாவிக் கிடைக்காதது அங்கே இரண்டு நாளில் கிடைக்கும் என்கிறார்.

இதைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே பின்னால் நின்று "என் பேரைப் போடாதே" என்றார். போடவில்லை.

28 ஜூலை

டிசிஎஸ் 12,000 பேரைக் குறைக்கப் போகிறது என்ற செய்தி வந்ததிலிருந்து 'பெங்களூர் முடிந்தது' என்று ஆளாளுக்கு எழுதுகிறார்கள். ஆறு லட்சம் பேரில் இரண்டு சதவீதம், அதுவும் உலகம் முழுக்க. சின்ன விஷயம் என்று சொல்லவில்லை. நடு, மேல் நிலைகளில் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். பன்னிரண்டு, பதினைந்து வருட அனுபவக்காரர்கள் ஒரே நேரத்தில் சந்தைக்கு வந்தால் அந்த அடுக்கில் நெரிசல்தான். ஆனால் ஐடி டெலிவரி மேனேஜர் வெளியே வந்தால் பம்ப் டிசைனருக்கு என்ன? 'ஊரின் வேலை நிலவரம்' என்று ஒன்று கிடையவே கிடையாது. தொழில் வாரியாக, அனுபவ வாரியாக, ரோடு வாரியாகப் பல நிலவரங்கள் இருக்கின்றன.

அதனால் நான் கேட்கும் கேள்வி வேறு. முதல் வேலை கிடைக்குமா என்பதில்லை. அது எப்படியோ கிடைக்கும், அதற்காகத்தானே வருகிறீர்கள்? அந்த முதல் வேலை போனால் இரண்டாவது எத்தனை மாதத்தில், எந்தச் சம்பளத்தில், வீட்டை மாற்றாமல் கிடைக்கும்? ஒரு ஊருக்குக் குடும்பத்தோடு பெயர்வதா என்பதை இதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சேர்ந்தவர்களிடம் கேட்டால் எல்லாம் ஜோராகத் தெரியும். போன வருடம் வேலை போனவர்களிடம் கேளுங்கள். உங்கள் தொழிலில் மூன்று பேர் போதும். எத்தனை மாதம் சும்மா இருந்தார்கள், எதைவைத்துச் சமாளித்தார்கள், இறங்கி வந்தார்களா? வெட்கப்பட்டுக்கொண்டு மழுப்புவார்கள், இரண்டாவது காபியில் சொல்லிவிடுவார்கள்.

11 ஆகஸ்ட்

இன்று மெட்ரோவின் புது மஞ்சள் தடத்தில் போய் வந்தேன்! ஆர்.வி. ரோடிலிருந்து பொம்மசந்திரா வரை 16 நிலையம், ஓட்டுநர் இல்லாமலும் ஓடக்கூடிய ரயில். வண்டி இப்போதைக்கு மூன்றுதான் என்பதால் 25 நிமிடத்துக்கு ஒன்று. கூட்டம் தேர்த் திருவிழா. சில்க் போர்டு சிக்னலில் நிற்பவர்களை மேலே இருந்து பார்த்துக்கொண்டே போவதில் ஒரு அற்பச் சந்தோஷம்.

விஷயத்துக்கு வருகிறேன். 'வீட்டை மாற்றாமல்' என்று எழுதினேன் அல்லவா, அதற்கு இந்த மெட்ரோ படத்தை எடுத்து வைத்துக்கொண்டு பாருங்கள். இன்று நிலவரப்படி பொம்மசந்திரா, எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து பீன்யாவுக்கு ஆர்.வி. ரோடில் ஒருமுறை மாறினால் போதும். தூரம்தான், ஆனால் நேரம் தெரிந்த பயணம். ஒயிட்ஃபீல்டுக்கு மெஜஸ்டிக் போய் இன்னொருமுறை மாறணும். சில்க் போர்டிலிருந்து கே.ஆர். புரம் வரை வெளிவட்டச் சாலையில், பெல்லந்தூர், மாரத்தஹள்ளி எல்லாம் இருக்கும் அந்தப் பட்டையில், தடம் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே பொம்மசந்திராவில் வீடு எடுத்துவிட்டு 'ஒயிட்ஃபீல்டிலும் தேடலாம்' என்பது ஊர்ப்பெயர் ஒன்று என்பதற்காகச் சொல்வது. உடுமலையிலிருந்து கோவைக்கு தினமும் போய் வருகிறவர் உங்களைவிட நிம்மதியாக இருப்பார்.

17 ஆகஸ்ட்

பணக் கணக்கு கேட்டவர்களுக்கு. என் தொழிலே இதுதான் என்பதால் நீளும்.

'வருடம் 12 லட்சம் சிடிசி' (கம்பெனி உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவு) என்றால் மாதம் ஒரு லட்சம் என்று மனதுக்குள் வகுத்துவிடுகிறோம். அடிப்படைச் சம்பளம் பாதி, 6 லட்சம் என்று வையுங்கள். கம்பெனி கட்டும் பிஎஃப் 12 சதவீதம், 72,000. கிராஜுவிட்டி 4.81 சதவீதம், 28,860. அது ஐந்து வருடம் இருந்தால்தான் உங்களுடையது. செயல்பாட்டுத் தொகை என்று பத்து சதவீதம், 1,20,000, வருடக் கடைசியில் வரலாம், பாதி வரலாம். மிச்சம் 9,79,140. அதில் உங்கள் பங்கு பிஎஃப் இன்னொரு 72,000, தொழில்வரி 2,500. கையில் வருவது மாதம் 75,000 சொச்சம். புதிய வரிமுறையில் இந்த அளவுக்கு வருமான வரி இல்லை, அது ஒரு ஆறுதல். சில கம்பெனிகளில் பிஎஃப்பை 15,000 உச்சவரம்புக்கு மட்டும், அதாவது மாதம் 1,800 என்று கட்டுவார்கள். அங்கே கைக்குக் கொஞ்சம் கூட வரும்.

பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு ஒரு வேடிக்கை. வீட்டு வாடகைப் படிக்கான வரிச்சலுகைக் கணக்கில் சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா நான்குக்கும் அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம் வரை. பெங்களூருக்கு 40தான் (2025 நிலவரம்). இந்த வாடகை வாங்கும் ஊர் வருமான வரிச் சட்டத்தின் கண்ணுக்குப் பெருநகரம் இல்லையாம்! சென்னையிலிருந்து மாற்றலாகி வருபவர்கள் முதல் மாதம் என்னிடம்தான் சண்டைக்கு வருவார்கள்.

அட்வான்ஸ். பத்து மாத வாடகை கேட்ட காலம் ஒன்று இருந்தது, இப்போதும் சில இடங்களில் கேட்கிறார்கள். ஐந்து ஆறு மாதத்துக்குப் பேசி இறக்கலாம். மத்திய அரசின் 2021 மாதிரி வாடகைச் சட்டம் இரண்டு மாதம்தான் என்கிறது. அதை வீட்டு உரிமையாளரிடம் சொன்னால் 'மாதிரிதானே' என்பார்.

சேர்த்துப் பார்த்தால், அட்வான்ஸ், சாமான் ஏற்றும் லாரி, பள்ளி நன்கொடை எல்லாம் போக, வேலையில்லாமல் ஐந்து மாதம் தாங்கும் காசு தனியே இருந்தால்தான் குடும்பத்தோடு வருவது சரி. அது இல்லாவிட்டால் முதலில் நீங்கள் மட்டும் பிஜியில் (பேயிங் கெஸ்ட் விடுதியில்) இருந்து பாருங்கள்.

17 ஆகஸ்ட், பின்குறிப்பு

படித்து முடித்த பையன்களும் பெண்களும் 'அப்ப நாங்களும் வரக் கூடாதா?' என்று கேட்கிறார்கள். நான் சொன்னது குடும்பஸ்தருக்கு. இருபத்திரண்டு வயதில், பிஜியில் ஒரு கட்டில் மட்டும் செலவென்றால், வந்து இறங்கித் தேடுவதில் தப்பே இல்லை. வாக்-இன் நடக்கும் ஊரில் இருப்பது உங்களுக்கு லாபம். ஆனால் பிடிஎம் லேஅவுட், மாரத்தஹள்ளிப் பக்கம் 'கோர்ஸ் முடித்தால் வேலை நிச்சயம், அனுபவச் சான்றிதழும் தருகிறோம்' என்று யாராவது சொன்னால் செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். பொய் அனுபவத்தோடு வந்தவர்களைப் பின்னணிச் சரிபார்ப்பில் பிடித்து அதே நாளில் அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன். பிஎஃப்பில் ஒருவருக்கு எல்லாக் கம்பெனிக்கும் சேர்த்து ஒரே பொது எண்தான் (யூஏஎன்) என்பதால் எங்கே எப்போது இருந்தீர்கள் என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். வேலைக்கு முன்பணம் கேட்பவன் யாராக இருந்தாலும் திருடன்.

24 ஆகஸ்ட்

கோவைக்காரர் எண்ணிப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். வடிகட்டிய பின் அவருக்குப் பொருந்தியது பதினேழு. அதில் மாதக் கடைசியில் காணாமல் போனது மூன்று. என் வீட்டுக்காரர் "சொன்னேன் இல்ல?" என்று ஒரு நாள் முழுக்கப் பெருமையாகத் திரிந்தார்.

ஆனால் எனக்கு வேறொன்று தோன்றுகிறது. இத்தனை நாள் நாம் எல்லோரும் இவருடைய வேலையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். மனைவி கணக்குப் பார்க்கிறார் என்று முதல் நாளே எழுதியிருந்தாரே! உலகக் கம்பெனிகளின் மையங்கள் இந்தியாவில் 1,700க்கு மேல், அவற்றில் பெங்களூருக்குத்தான் முதலிடம். அவற்றில் எல்லாமே சாஃப்ட்வேர் இல்லை. சப்ளையர் பில் போடுவது, வசூல், மாதக் கணக்கு முடிப்பது, பேரோல் என்று நிதிப் பிரிவே பெரிய பெரிய தளங்களில் ஓடுகிறது. ஆடிட்டர் ஆபீசில் ஜிஎஸ்டி, டிடிஎஸ் கையால் போட்டவர்களுக்கு அடிப்படை உறுதியாக இருக்கும். அங்கே கேட்பது எஸ்ஏபி என்ற கணக்கு மென்பொருள், கொஞ்சம் எக்செல், போனில் தயங்காமல் பேசும் ஆங்கிலம். இந்த வேலைகளில் ஒரு மையத்தில் கற்றது அடுத்த மையத்தில் அப்படியே செல்லும். நான் கேட்ட இரண்டாவது வேலைக் கேள்விக்கு அவரிடம்தான் நல்ல பதில் இருக்கிறது.

கெட்டதையும் சொல்லணும். மாத முடிவு என்றால் நான்கைந்து நாள் வீடு மறந்துபோகும். அமெரிக்கக் கம்பெனியானால் ஷிப்ட் மதியம் ஆரம்பித்து நள்ளிரவில் முடியும். வண்டி அனுப்புவார்கள், ஆனால் யுகேஜி பையன் தூங்கிய பின்தான் அம்மா வருவாள். ஐரோப்பியக் கம்பெனி என்றால் கொஞ்சம் தேவலை. இன்டர்வியூவில் முதல் கேள்வியாகவே ஷிப்டைக் கேட்கச் சொல்லுங்கள்.

அவருக்குத் தேடிப் பாருங்கள். உங்கள் நோட்டை அவரிடம் கொடுங்கள்.

3 செப்டம்பர்

இதைக் கேட்காமல் யாரும் விடமாட்டார்கள் என்று தெரியும்: 'தமிழர்களுக்குப் பிரச்சினை இல்லையா?'

காவிரிக் கலவரம் நடந்த 1991 டிசம்பரையும் 2016 செப்டம்பரையும் இங்கே இருந்தவர்கள் யாரும் மறக்கவில்லை. காவிரித் தீர்ப்பு வரும் வாரத்தில் தமிழ்நாட்டு நம்பர் வண்டியை வெளியே எடுக்கமாட்டோம். மற்ற நாளில், அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் பக்கம் போனால் கோவையைவிட அதிகம் தமிழ் கேட்கும். அல்சூர் ஏரிக்கரையில் வள்ளுவர் சிலையாக 2009இலிருந்து நிற்கிறார், தமிழ்ச் சங்கம் 1950இலிருந்து இருக்கிறது.

வேலைக்குச் சம்பந்தமான விஷயம் வேறு. 2024 ஜூலையில் மாநில அமைச்சரவை ஒரு மசோதாவுக்கு ஒப்புதல் கொடுத்தது. தனியாரில் நிர்வாகப் பணிகளில் 50, மற்றவற்றில் 70 சதவீதம் உள்ளூர்க்காரர்களுக்கு என்று. தொழில்துறை கூச்சல் போட்டதும் இரண்டு நாளில் நிறுத்தி வைத்தார்கள். நிறுத்திதான் வைத்திருக்கிறார்கள், கிழித்துப் போடவில்லை. நீண்ட காலக் கணக்குப் போடுகிறவர்கள் இதையும் ஒரு ஓரத்தில் எழுதி வைக்கணும். பையனுக்குப் பள்ளியில் கன்னடம் ஒரு பாடமாக வரும். வரட்டும், நல்லதுதான். நீங்களும் சேர்ந்து படியுங்கள். பீன்யா ஷாப் ஃப்ளோரில் கன்னடம் இல்லாமல் டிசைனர் பிழைப்பு நடக்காது என்பது வீட்டுக்காரரின் தீர்ப்பு. ஐடி பார்க்கில் அது இல்லாமலே பத்து வருடம் ஓட்டியவர்கள் உண்டு, ஆட்டோக்காரரிடம் மட்டும் மாட்டிக்கொள்வார்கள்.

நேற்றிலிருந்து எங்கள் ஊருக்கு ஐந்து மாநகராட்சி. குப்பை எடுக்கிறவர் மட்டும் அதே ஆள், அதே நேரம்.

21 செப்டம்பர்

அமெரிக்காவில் வேலை பார்ப்பதற்கான எச்-1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் என்றதும், 'இனி எல்லா வேலையும் பெங்களூருக்குத்தான்' என்று ஒருவர் குதிக்கிறார். வரலாம். வந்தால் அனுமதி, இடம், பட்ஜெட் எல்லாம் முடிந்து ஆள் எடுக்க ஒரு வருடமாவது ஆகும். அதற்குள் அமெரிக்காவிலிருந்து திரும்பி வருபவர்களும் அதே வேலைக்கு நிற்பார்கள். தலைப்புச் செய்தியை நம்பி லாரி பிடிக்காதீர்கள்.

5 அக்டோபர்

கோவைக்காரரின் மனைவிக்கு எலக்ட்ரானிக் சிட்டியில் ஆஃபராம்! ஐரோப்பியக் கம்பெனி, மதியம் 12 முதல் இரவு 9. பிஎஃப் பக்கத்தில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள், ஒரு வருடமாக எண்ணிக்கை ஏறுமுகம், எல்லாம் 15ஆம் தேதிக்கு முன்பே கட்டியிருக்கிறார்கள். வாழ்த்துகளை எழுதித் தீர்க்க வேண்டாம், அடுத்த கேள்விக்கு வருகிறேன்: 'நான் என்ன செய்ய?'

தேடும் இடத்தை மாற்றுங்கள். எலக்ட்ரானிக் சிட்டிக்கு அந்தப் பக்கம் பொம்மசந்திரா, ஜிகனி. அதே ரோட்டில் அத்திப்பள்ளி டோல் தாண்டினால் ஓசூர். அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன், அவற்றுக்குப் பாகம் செய்யும் சிப்காட் கம்பெனிகள். உங்கள் கிரியோ அங்கே செல்லும். ஓசூர்க்காரர் ஒருவர் இங்கேயே எழுதியிருக்கிறாரே, பம்பிலிருந்து வார்ப்படப் பாகங்களுக்கு மாறியவர், அவரிடம் பேசுங்கள். ஒரே ரோட்டில் இருவர் வேலையும் இருந்தால் சந்தாபுரா பக்கம் வீடு. 2பிஹெச்கே 20,000 ஒட்டிப் பார்க்கலாம், பெல்லந்தூரில் அதே வீடு 35,000 தாண்டும்.

அதுவரை உங்கள் வேலையை விடாதீர்கள். மனைவியின் சோதனைக்காலம் ஆறு மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குள் அவரை எத்தனை நாள் நோட்டீஸில் அனுப்பலாம் என்று ஆஃபர் லெட்டரில் ஒரு வரி இருக்கும், படித்துப் பாருங்கள். ஜாயினிங் போனஸ் தந்தால், ஒரு வருடத்துக்குள் விட்டால் திருப்பிக் கட்டணுமா என்றும் பாருங்கள். வரிப் பிடித்தம் போக வந்த தொகையையா, முழுத்தொகையையா என்பதில்தான் எல்லோரும் மாட்டுகிறார்கள்.

6 அக்டோபர்

சந்தாபுராவில் வீடு பார்ப்பவர்களுக்கு: அட்வான்ஸ் திரும்ப வரும்போது பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பார்கள், ஒப்பந்தத்தில் அது எழுதியிருக்கும். போர்வெல் தண்ணீரா, டேங்கரா, காவிரியா என்று கேளுங்கள். டேங்கர் என்றால் மார்ச், ஏப்ரல் பராமரிப்பு ரசீதை வாங்கிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.